ஐஸ் ஹாக்கி வீரர் ஒருவரால் எத்தனை வயது வரை தொழில்முறையாக ஆட முடியும்?

"நன்றாக ஆடுகிற ஒருவர் எத்தனை வயது வரை ஆடலாம், அப்புறம் என்ன செய்வார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலோருக்கு முப்பதைத் தாண்டுவதே பெரிய விஷயம். வட அமெரிக்காவின் முதல்நிலை லீகான என்.எச்.எல்.இல் ஆடியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாழ்நாள் கணக்கிலேயே நூறு ஆட்டத்தைத் தொடுவதில்லை. ஒரு சீசனுக்கே எண்பதுக்கு மேல் ஆட்டம். புது ஆட்களை எடுப்பதற்கென்றே ஒரு தேர்வு உண்டு: 32 அணிகள், ஏழு சுற்று என்று வருடா வருடம் ஏறக்குறைய 224 பையன்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பதினெட்டு வயதுதான். இருக்கிறவன் போனால்தானே வருகிறவனுக்கு இடம்? மேலுக்கும் கீழுக்குமாக அல்லாடுகிறவர்கள் நிறைய. அவர்களுடைய ஒப்பந்தத்திலேயே இரண்டு சம்பளம் போட்டிருக்கும்: மேல் லீகில் இருக்கும் நாட்களுக்கு ஒன்று, கீழ் லீகுக்கு அனுப்பப்பட்டால் அதில் சிறு பங்கு.

ஆனால் நீங்கள் கேட்டது "எத்தனை வயது வரை *முடியும்*" என்று. அப்படியானால் செக் நாட்டு வீரர் யாரொமிர் யாகரைப் பற்றிச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. நான் டொரொன்டோவில் இருக்கிறேன். இங்கே குளிர்காலத்தில் வேலையிடத்தில் ஹாக்கியைத் தவிர வேறு பேச்சு கிடையாது. வேறு வழியில்லாமல் பார்க்க ஆரம்பித்து, அப்படியே பிடித்துப்போனது. யாகரின் கடைசிக் காலத்து ஆட்டங்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன். என் அபிப்பிராயத்தில் அவருடைய வாழ்க்கையில் சுவாரசியமான பகுதியும் அதுதான்.

1972இல் செக்கோஸ்லோவாக்கியாவின் கிளாட்னோ என்ற ஊரில் பிறந்தவர். நிலக்கரியும் எஃகும்தான் அந்த ஊருக்குச் சோறு போட்டன. கம்யூனிஸ்ட் அரசு குடும்ப நிலத்தை எடுத்துக்கொண்டது, தாத்தா சிறைக்குப் போனார். 1968இல் சோவியத் டாங்கிகள் தலைநகர் பிராகுக்குள் நுழைந்ததை மறக்கக்கூடாது என்றுதான் முதுகில் 68 என்ற எண். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது நோட்டுப் புத்தகத்துக்குள் அமெரிக்க அதிபர் ரீகன் படத்தை ஒளித்து வைத்திருந்தவர் என்றும் சொல்வார்கள். சிறுவயதில் தினமும் ஆயிரம் தோப்புக்கரணம் போடுவாராம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

16 வயதில் சொந்த ஊர் அணியில் முதல் பிரிவு ஆட்டம். 1990இல் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் ஐந்தாவது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முன்பெல்லாம் அங்கிருந்து அமெரிக்கா வந்து ஆடவேண்டுமென்றால் பெரும்பாலும் நாட்டை விட்டுத் தப்பி ஓடிவர வேண்டும். முந்தைய வருடம் ஆட்சி கவிழ்ந்துவிட்டதால் இவர் தலைநிமிர்ந்து விமானம் ஏறினார். வந்த பிறகுதான் கஷ்டம். ஆங்கிலம் சுத்தமாக வராது, வீட்டு ஞாபகம் வேறு. பையன் வாடுவதைப் பார்த்த நிர்வாகம், அவருடன் செக் மொழியில் பேச ஆள் வேண்டும் என்று கால்கரி அணியிலிருந்து இர்ஷி ஹர்டினா என்ற மூத்த வீரரை வாங்கிப் போட்டது. பேச்சுத்துணைக்கு ஆள் பிடிக்க ஒரு தொழில்முறை அணி வர்த்தகம் செய்தது! பலன் கிடைத்தது. 1991, 1992 இரண்டு வருடமும் லீகின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை.

உச்சக் காலத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன், எண்கள் எங்கும் கிடைக்கும். 1995-96 சீசனில் 149 புள்ளிகள் (கோலும், கோலுக்கு உதவிய பாஸும் சேர்த்துக் கணக்கு). அதிகப் புள்ளிகளுக்கான ஆர்ட் ராஸ் விருது ஐந்து முறை. 1998 நகானோ ஒலிம்பிக்கில் தங்கம்.

2001இல் பிட்ஸ்பர்க் அணிக்குப் பணமுடை. உலகின் மிகச் சிறந்த வீரரை வாஷிங்டனுக்குத் தள்ளிவிட்டு, பதிலுக்கு மூன்று இளைஞர்களை வாங்கிக்கொண்டார்கள். அந்த மூவரில் யாரும் பெரிதாக வரவில்லை. வாஷிங்டன் கொடுத்ததோ ஏழு வருடத்துக்கு 7.7 கோடி டாலர். அன்றைக்கு லீகின் மிகப் பெரிய ஒப்பந்தம் அது. அங்கே சரிப்பட்டு வரவில்லை. 2004இல் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குக் கைமாற்றினார்கள், அதுவும் சம்பளத்தில் ஒரு பகுதியை வாஷிங்டனே தொடர்ந்து கட்டும் என்ற பேரத்தில்! இந்தத் தொழிலில் எவ்வளவு பெரிய ஆளும் சரக்குதான். நியூயார்க்கில் 2005-06இல் 54 கோல், 123 புள்ளி என்று திருப்பிக் கொடுத்தார். அந்த அணியின் சாதனை அது.

36 வயதில் ரஷ்யாவின் ஓம்ஸ்க் நகரத்து அணிக்குப் போனார். அங்கே போன முதல் சீசனிலேயே, 2008 அக்டோபரில், பனித்தளத்தில் யாகரோடு ஆடிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்த 19 வயது அலெக்ஸி செரெபானோவ் சரிந்து விழுந்து இறந்துபோனார். இதயக் கோளாறு. ஆட்டத்துக்கென்று நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸ் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது. ஹாக்கி வாழ்க்கை எத்தனை வருடம் என்று கேட்டால் அந்தப் பையனையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

2011இல் யாகர் என்.எச்.எல்.லுக்குத் திரும்பி வந்தபோது வயது 39. இனிமேல் ஒப்பந்தம் எல்லாம் ஒவ்வொரு வருடத்துக்குத்தான். ஃபிலடெல்ஃபியா, டல்லஸ், பாஸ்டன், நியூ ஜெர்சி, ஃபுளோரிடா, கால்கரி என்று பெட்டியும் கையுமாக ஏழு சீசன். 2015-16இல் ஃபுளோரிடா அணியிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் 44 வயது யாகர்: 66. அவருக்குப் பக்கத்தில் ஆடிய அலெக்ஸாண்டர் பார்கோவ் பிறந்தது 1995 செப்டம்பரில். அதற்குள் யாகர் கையில் இரண்டு கோப்பையும் ஓர் ஆர்ட் ராஸும் வந்துவிட்டிருந்தன.

அந்த வயதில் எப்படி முடிந்தது? ஓட்டம் குறைந்துவிட்டது, யார் கண்ணுக்கும் தெரியும். ஆனால் அவர் பக்கை (அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை) வாங்கிக்கொண்டு மூலைக்குப் போய், சுவருக்கு முகத்தைக் காட்டி, இடுப்பைப் பின்னால் தள்ளி, கால்களை அகட்டி நின்றுகொள்வார். இருபது வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் பின்னாலிருந்து முட்டுவார்கள், மட்டையை உள்ளே விட்டுத் துழாவுவார்கள். ஆள் அசையமாட்டார். ஒரு கை மட்டையில், இன்னொரு கை எதிராளியைத் தடுத்தபடி. மற்ற நான்கு பேரும் இடம்பிடித்து முடிக்கும்வரை நிற்பார், அப்புறம் பாஸ் போகும். ஆயிரம் தோப்புக்கரணம் வேலை செய்தது இங்கேதான். வெறும் வேகத்தை நம்பிய வீரர்கள் 32, 33இல் காணாமல் போகிறார்கள். இவர் நம்பியது தொடையை. அதையும் சும்மா விடவில்லை. ஆட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, எடை கட்டிய சட்டையோடும் கணுக்காலில் எடையோடும் ராத்திரி தனியாகப் பனித்தளத்தில் சுற்றுவார். 2015 ஜனவரியில், 43ஐ நெருங்கும்போது, ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். லீக் வரலாற்றில் அந்த வயதில் வேறு யாரும் ஹாட்ரிக் போட்டதில்லை.

கடைசியில் உடம்புதான் சொன்னது. கால்கரியில் 22 ஆட்டம், ஒரே ஒரு கோல், காயத்துக்கு மேல் காயம். என்.எச்.எல். கணக்கு 1,733 ஆட்டம், 766 கோல், 1,921 புள்ளியோடு நின்றது. புள்ளியில் வேய்ன் கிரெட்ஸ்கிக்கு அடுத்த இடம்.

ஓய்வு பெற்றாரா என்றால், இல்லை. கிளாட்னோவுக்குப் போனார். அப்போது அந்த அணியின் முதலாளியே அவர்தான். 47 வயதில், அணி மேல் பிரிவுக்கு ஏறப் போராடிய 2019இல், ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் அடித்தார். 2024 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் அவரை அழைத்து 68ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது, அதாவது அந்த அணியில் இனி வேறு யாருக்கும் அந்த எண் கிடையாது. எண்ணுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, 52 வயது ஆள் இன்னும் செக் லீகில் ஆடிக்கொண்டிருந்தார்!

இதில் பாசம் மட்டும் இல்லை, பணக் கணக்கும் உண்டு. சின்ன ஊர் அணிக்கு விளம்பரதாரர் வந்ததும் அரங்கம் நிறைந்ததும் அவர் சட்டை மாட்டிக்கொண்டு இறங்கியதால்தான். அவரே அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

வயதை மட்டும் எடுத்தால் கோர்டி ஹோவையும் சொல்லவேண்டும். 1979-80இல், 52ஐத் தொட்ட சீசனில், ஹார்ட்ஃபோர்ட் அணிக்காக எண்பது ஆட்டமும் ஆடியவர். அப்போது ஒரு சீசனுக்கே மொத்தம் எண்பதுதான். அதே அணியில் அவருடைய மகன்களும் ஆடினார்கள். ஆனால் உங்கள் கேள்வி யாராவது ஒரு பையனை இந்தத் தொழிலில் விடலாமா என்ற யோசனையில் வந்ததென்றால், ஹோவையும் யாகரையும் தூர வைத்துவிட்டு மேலே சொன்ன அந்த நூறு ஆட்டக் கணக்கை வைத்து முடிவெடுங்கள்.