கோப்பை விற்கலாம், பொங்கல் பானை வேண்டாம்

பினாங்கு ஜெலுத்தோங்கில் வீட்டுப் பின்கட்டில் சக்கரமும் சின்ன மின்சூளையும் வைத்து, மண்ணில் கோப்பையும் ஜாடியும் செய்து எட்டு வருடமாக விற்கிறேன். அப்படிச் செய்து விற்க நினைப்பவர்கள் பல ஊர்களிலிருந்து கேட்டவற்றில், எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பூச்சோங்: அக்கா, கோப்பைக்கு என்ன விலை வைப்பது? தோழிகள் 15 வெள்ளி (ரிங்கிட்) என்றால் வாங்குவார்களாம்.

15 வெள்ளிக்கு விற்றால் கையைக் கடிக்கும். என் சூளையில் 24 கோப்பை பிடிக்கும். நல்லபடி வெளியே வருவது 20தான். ஒன்றில் கைப்பிடி விரிசல், ஒன்றில் கிளேஸ் (மேலே பூசும் கண்ணாடிப் பூச்சு) வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டியிருக்கும், மற்றவை என் கைக்கே பிடிக்காது. அதனால் செலவை 20ஆல் வகுங்கள். சக்கரத்தில் கோப்பை எழ ஆறு நிமிடம் போதும். அடி செதுக்க, கைப்பிடி ஒட்ட, கிளேஸில் முக்க, அடியைத் துடைக்க என்று மொத்தம் 40 நிமிடம் ஆகிறது. மணிக்கு 20 வெள்ளி கூலி போட்டால் 13 வெள்ளிக்கு மேல். வீணானவற்றின் கூலியையும் ஏற்றினால் 16. இன்னும் மண், கிளேஸ், இரண்டு தடவை சுடும் மின்சாரம், பெட்டி எதுவும் சேரவில்லை. நான் 38 வெள்ளிக்கு விற்கிறேன்.

ஆயர் ஈத்தாம்: வீட்டு ஓவனில் சுடலாமா?

முடியாது. ஓவன் 250 டிகிரியோடு நின்றுவிடும். தண்ணீர் பட்டால் மண் திரும்பச் சேறாகாமல் இருக்கவே 600 டிகிரி தாண்ட வேண்டும். நான் பிஸ்க், அதாவது கிளேஸ் பூசுமுன் முதல் தடவை, சுடுவது 1000 டிகிரியில். கிளேஸ் பூசிச் சுடுவது 1220 பக்கம்.

செந்தூல்: காண்டோ அடுக்குமாடி வீட்டில் சூளை வைக்கலாமா?

6 கிலோவாட் சூளை 25 ஆம்பியர் இழுக்கும். சாதாரண பிளக் 13 ஆம்பியர்தான். தனி லைன் வேண்டும், அதைப் பதிவு பெற்ற வயர்மேன்தான் போட வேண்டும். நிர்வாகத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தொடக்கத்தில் யாராவது சூளை வைத்திருப்பவரிடம் காசு கொடுத்துச் சுடுவதே நல்லது. இன்னொன்று: செதுக்கிய தூளை விளக்குமாறால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அதில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும்.

பட்டர்வொர்த்: நன்றாகக் காய்ந்த பிறகும் சூளையில் வெடிக்கிறதே?

காயவில்லை. மேலே வெளுத்திருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அது ஆவியாகிப் பிளக்கிறது. ஜாடியின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். அக்டோபர், நவம்பர் மழையில் என் தடித்த ஜாடிகளுக்கு இரண்டு வாரம்கூட ஆகும்.

செராஸ்: ஒரு கஃபே 350 மில்லி கோப்பை 60 கேட்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

முதலில் உங்கள் மண்ணின் சுருக்கத்தை அளங்கள். 12 விழுக்காடு சுருங்கினால் 10 சென்டிமீட்டர் 8.8 ஆகும். கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆறு செய்து காட்டுங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு செய்தித்தாள் மேல் வையுங்கள். காலையில் தாளில் வட்டம் விழுந்திருந்தால் விற்காதீர்கள். சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஈயமில்லாத கிளேஸ்தான். அதை மண்கடைக்காரர் வாய்வார்த்தையில் நம்பாமல் சான்றிதழைக் கேளுங்கள்.

பாயான் லெப்பாஸ்: ஓவனில் சுட்டால்?

மேலே பார்க்கவும்.

பிறை: ஜனவரியில் பொங்கல் பானைக்குத்தான் கிராக்கி. கிளேஸ் போட்டு வண்ணப் பானை செய்து 80 வெள்ளிக்கு விற்கப் போகிறேன்.

வேண்டாம். 1220 டிகிரியில் சுட்ட நம் மண் கண்ணாடி மாதிரி இறுகிப்போனது. கேஸ் அடுப்பில் ஏற்றினால் அடி ஒரு பக்கம் விரியும், மற்ற பக்கம் விரியாது, பட்டென்று போகும். பால் பொங்கும் நேரத்தில் உங்கள் பானை உடைந்தால் அந்த வீட்டில் வருடம் முழுக்க உங்கள் பேச்சுதான்! சமையல் பானைக்கு மணல் கலந்த மண், குறைந்த சூடு. அந்த நுண்துளைகள்தான் நெருப்பைத் தாங்குகின்றன.

கிள்ளான்: என் தாத்தா பானை செய்தவர். அவர் மாதிரி ஆட்கள் பானையை 15 வெள்ளிக்கு விற்க, நீங்கள் குட்டிக் கோப்பைக்கு 38 வாங்குகிறீர்கள். இது நியாயமா?

கோபம் சரி, ஆனால் திசை தப்பு. என் கோப்பை 38 ஆனதால் அவர் பானை 15 ஆகவில்லை. அந்தப் பானைதான் மலிவாகப் போகிறது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு பட்டறையில் பார்த்தேன்: பெரியவர் கட்டையால் பானையின் அடியைத் தட்டித் தட்டி மெலிதாக்கினார், உள்ளே கல்லை அண்டக்கொடுத்தபடி. என் எட்டு வருடக் கைக்கு அது வராது. நாம் பேரம் பேசுவதும் அவரிடம்தான்.

கிள்ளான்: அப்படியானால் நீங்களாவது அவர்களிடம் வாங்கி விற்கலாமே?

விற்கிறேன், பொங்கல் சமயம் மட்டும், அவர்கள் சொல்லும் விலைக்கு மேல் லோரிக்கூலி மட்டும் வைத்து. "கையால் செய்தது" என்று என் முத்திரையை அதில் குத்துவதில்லை.

சுங்கை டுவா: மண் பானையே எதற்கு? எவர்சில்வரில் பொங்கினாலும் பொங்கல்தானே?

பொங்கல்தான். ஆனால் இது மண் பற்றிய கேள்வி பதில்.

ஈப்போ: சயோங் ஜாடி மாதிரி கறுப்பாக்குவது எப்படி?

நல்ல கேள்வி, கடைசியில் வந்துவிட்டது. லாபு சயோங் என்ற கோலகங்சார் தண்ணீர் ஜாடியின் கறுப்பு, சுட்ட சூடோடு நெல் உமியில் புதைப்பதால் வருவது. உமி புகைந்து கரி மண்ணில் ஏறும். அடுக்குமாடியில் முயலாதீர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: வியாபாரத்தைப் பதிவு செய்ய வேண்டுமா?

ஆம், நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில், வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள். சொந்தப் பெயரில் வருடத்துக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60. வரி பற்றிக் கணக்காளரைக் கேளுங்கள்.

ரவாங்: ஏர் ஃபிரையரில்...

இல்லை.

ஜெலுத்தோங்: தரையில் தூள் நிறைய. வேக்குவம் போடலாமா?

வீட்டு வேக்குவம் நுண்தூளைப் பின்னால் ஊதிவிடும். ஈரத்துணி, ஈரத்துணி. சூளை 90 டிகிரிக்கு இறங்கிவிட்டது, திறக்கப் போகிறேன்.