துறை நிகழ்ச்சிகளுக்கு வெபினாரா, வீடியோ மீட்டிங்கா?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் ஜூம் மீட்டிங், ஜூம் வெபினார் இரண்டுக்கும் உரிமம் இருக்கிறது. அடுத்த மாதம் எங்கள் துறையில் ஒரு சிறப்புச் சொற்பொழிவு, ஐந்து நாள் பயிற்சிப் பட்டறை, ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு ஆகிய மூன்றையும் இணையவழியில் நடத்த வேண்டும். எதற்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

நான் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத் துறையில் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் எங்கள் துறையின் இணையவழி நிகழ்ச்சிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இன்றுவரை அது என்னிடமே இருக்கிறது. இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் "எத்தனை பேர் வருவார்கள்" என்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். எண்ணிக்கை இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது. வருகிறவர்கள் பேச வேண்டியவர்களா, கேட்டால் போதுமானவர்களா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றவை தாமாகவே தெளிந்துவிடும்.

பொதுமுடக்கக் காலத்திலிருந்து நம் கல்லூரிகளில் இணையத்தில் நடக்கும் எந்தச் சொற்பொழிவையும் "வெபினார்" என்றே அழைக்கப் பழகிவிட்டோம். அழைப்பிதழில் வெபினார் என்று அச்சிட்டிருக்கும். கீழே இருப்பது மீட்டிங் லிங்க்காக இருக்கும். மென்பொருளைப் பொறுத்தவரை இரண்டும் வெவ்வேறானவை. மீட்டிங் என்பது வட்டமாக நாற்காலி போட்டு அமர்வதைப் போன்றது: எல்லோரும் எல்லோரையும் பார்க்கலாம், மைக்கைத் திறந்து பேசலாம், ஹோஸ்ட், அதாவது நிகழ்ச்சியை நடத்துபவர், அனுமதித்தால் தம் திரையையும் காட்டலாம். வெபினாரில் மேடை தனி, அரங்கம் தனி. ஹோஸ்ட்டும் பேனலிஸ்ட்டுகளும், அதாவது மேடையில் பேச அழைக்கப்பட்டவர்களும், மட்டும் மேடையில் இருப்பார்கள். மற்றவர்கள் தம் வீடியோவைக் காட்ட முடியாது, ஹோஸ்ட் அனுமதித்தால் ஒழிய மைக்கும் கிடையாது, பக்கத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதும் தெரியாது.

உங்கள் சிறப்புச் சொற்பொழிவுக்கு, வெளியூர்க் கல்லூரி மாணவர்களும் வருவதாக இருந்தால், வெபினாரையே எடுங்கள். 2020 ஏப்ரலில் நாங்கள் முதன்முதலாக நடத்திய பெரிய சொற்பொழிவை மீட்டிங்காகத்தான் வைத்தோம். லிங்க்கை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பியிருந்தோம். பேச்சாளர் கல்வெட்டுப் படம் ஒன்றைத் திரையில் காட்டி எழுத்தெழுத்தாக விளக்கிக்கொண்டிருந்தபோது, படத்தின் மேல் சிவப்புக் கோடுகள் விழத் தொடங்கின. அவரே அடிக்கோடிடுகிறார் என்று முதலில் நினைத்தோம். பிறகு அந்தக் கோடுகள் ஆபாச வார்த்தையாக உருவெடுத்தன. பங்கேற்பாளர்கள் திரையில் கிறுக்க முடியும் என்பதோ, அந்த வசதியை அணைத்து வைக்கலாம் என்பதோ அன்று எங்களுக்குத் தெரியாது. எழுபது வயதைக் கடந்த அந்தப் பேராசிரியர் பேச்சை நிறுத்திவிட்டு, "பரவாயில்லை தம்பி, தொடரலாமா?" என்று கேட்டது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. அந்த மாதத்தில் உலகெங்கும் இதே தொல்லை இருந்தது. ஜூம் நிறுவனம் ஏப்ரல் தொடக்கத்திலேயே கடவுச்சொல்லையும், வருகிறவரை ஹோஸ்ட் உள்ளே விடும்வரை வெளியே நிறுத்திவைக்கும் காத்திருப்பு அறையையும் இலவசக் கணக்குகளுக்கு இயல்பான அமைப்பாக ஆக்கியது. நம் உள்துறை அமைச்சகமும் அதே மாதம் ஓர் எச்சரிக்கை அறிவுரையை வெளியிட்டது. வெபினாரில் அரங்கத்தில் இருப்பவர் மேடைத் திரையைத் தொடவே முடியாது. அறிமுகம் இல்லாதவர்களுக்குக் கதவைத் திறந்துவைக்கும் நிகழ்ச்சிக்கு இந்த ஒரு காரணமே போதும்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் இன்னொரு காரணம் உண்டு. வெபினாரில் கேள்வி பதிலுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அமைப்பில் அனுமதித்துவிட்டால் பெயரைச் சொல்லாமலும் கேள்வி எழுதலாம். ஒருவர் எழுதிய கேள்வியை மற்றவர்கள் ஆதரித்து மேலே கொண்டுவரவும் வழி உண்டு. நேரடிக் கருத்தரங்கில் கடைசி வரிசையில் அமர்ந்து, நான்கு பேராசிரியர்களுக்கு முன்னால் எழுந்து நிற்கத் தயங்கி, கேள்வியை நோட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் மாணவியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெயரில்லாக் கேள்வியை நான் அனுமதிக்கத் தொடங்கிய பிறகு, "மன்னிக்கவும், அடிப்படைக் கேள்விதான்" என்ற முன்னுரையுடன் வரும் கேள்விகள் பெருகின. அவற்றுக்குத்தான் பேச்சாளர்கள் அதிக நேரம் எடுத்துக்கொண்டு, மிகுந்த அக்கறையோடு பதில் சொன்னார்கள். கிராமத்திலிருந்து கைப்பேசியில் இணையும் மாணவருக்கும் வெபினார் உகந்தது. அவர் பக்கத்திலிருந்து வீடியோ எதுவும் அனுப்ப வேண்டியதில்லை என்பதால் சிக்னல் சுமாராக இருந்தாலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

வெபினாரில் நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று, பேனலிஸ்ட் லிங்க் வேறு, பொது லிங்க் வேறு என்பது. பேனலிஸ்ட்டுக்கு அவருடைய மின்னஞ்சலுக்குத் தனி லிங்க் செல்லும். ஒருமுறை எங்கள் சிறப்பு விருந்தினர் மின்னஞ்சலைத் திறக்காமல், வாட்ஸ்அப் அழைப்பிதழில் இருந்த பொது லிங்க்கைத் தட்டி உள்ளே வந்துவிட்டார். மேடையில் துறைத்தலைவர் வரவேற்புரையை நீட்டிக்கொண்டிருக்க, நான் அவருக்குத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தேன். அவரோ கைப்பேசியிலேயே இணைந்திருந்ததால் அழைப்பை ஏற்காமல், அரங்கத்தில் கையை உயர்த்திக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார். கைப்பேசியில் இருந்த ஜூம் கணக்கு அவருடைய பேத்தியுடையது என்பதால் பட்டியலிலும் அந்தக் குழந்தையின் பெயர்தான் தெரிந்தது. பட்டியலில் அந்தப் பெயரைத் தட்டி "பேனலிஸ்ட்டாக உயர்த்து" என்பதை அழுத்தினால் சில நொடிகளில் அவர் மேடைக்கு வந்திருப்பார். அன்றிலிருந்து, நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் மாலை பேச்சாளரைத் தொலைபேசியில் அழைத்து, அவருடைய லிங்க்கை அவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, நிகழ்ச்சி அன்று அரை மணி நேரம் முன்னதாக ஒத்திகை அமர்வில் இணையச் சொல்கிறேன். ஒத்திகை அமர்வில் பேனலிஸ்ட்டுகள் ஒருவரோடொருவர் பேசிப் பார்க்கலாம். அரங்கத்தினருக்கு அது தெரியாது.

பயிற்சிப் பட்டறைக்கு வெபினார் வேண்டவே வேண்டாம். புள்ளியியல் மென்பொருள் பயிற்சி ஒன்றை வெபினாரில் நடத்திய துறை ஒன்றுக்கு நான் உதவிக்குச் சென்றிருந்தேன். கேள்விப் பகுதியில் ஒருவர், "நீங்கள் சொல்லும் மெனு எனக்கு வரவில்லை" என்று எழுதினார். பயிற்றுநர் எந்த மெனு என்று வாய்மொழியாகக் கேட்டார். அவர் எழுதிய பதில் வந்து சேர்வதற்குள் பாடம் மூன்று படி முன்னேறிவிட்டது. அவருக்குப் பிறகு இன்னும் ஏழெட்டுப் பேர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது இடைவேளையில்தான் தெரிந்தது. மீட்டிங்காக இருந்திருந்தால், "உங்கள் திரையைக் காட்டுங்கள் ஐயா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலே போதும். அவர் நிறுவியிருந்தது பழைய பதிப்பு என்பது உடனே புலப்பட்டிருக்கும். மீட்டிங்கில் பங்கேற்பாளர்களைச் சிறு குழு அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் ஓர் ஆய்வு மாணவரைத் துணைக்கு அனுப்ப முடியும். அந்த வசதி வெபினாரில் கிடையாது. கையால் செய்து கற்க வேண்டிய எதையும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று சொல்லித்தர முடியாது.

வாய்மொழித் தேர்வுதான் இந்த மூன்றில் மிகவும் யோசிக்க வேண்டியது. வாய்மொழித் தேர்வைக் காணொலி வழியாக நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஏப்ரல் வழிகாட்டுதலில் இடமளித்தபோது, பல துறைகள் ஒழுங்கு கெடாமல் இருக்கும் என்று கருதி வெபினாரை நாடின. அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் பல்கலைக்கழகங்களில் நடப்பது பொது வாய்மொழித் தேர்வு. ஆய்வாளர் தம் முடிவுகளை அவையின் முன் வைக்கிறார். அவையில் இருக்கும் யாரும் எழுந்து கேள்வி கேட்கலாம். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் நாங்கள் அறிக்கையிலும் சேர்க்கிறோம். அவையை மௌனமாக்கிவிட்டு, எழுதி அனுப்பிய கேள்விகளை ஒருங்கிணைப்பாளர் தேர்ந்தெடுத்து வாசிக்கும் முறையில் நடத்தினால், எந்தக் கேள்வி விடுபட்டது என்பது அவையினருக்குத் தெரியப்போவதில்லை. அப்படி நடந்தது என்று நான் யாரையும் குறை சொல்லவில்லை. அப்படி நடந்திருக்கலாமோ என்ற ஐயத்துக்கே இடம் இருக்கக் கூடாது என்கிறேன். ஐந்தாறு ஆண்டுகள் உழைத்த ஓர் ஆய்வாளருக்குத் தம் அவையின் முகங்களைப் பார்த்துப் பேசும் உரிமையும் உண்டு. ஊரில் இருக்கும் தாய் தந்தையர் அந்தச் சிறு கட்டங்களில் ஒன்றில் அமர்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கிய மாணவர்களை நான் கண்டிருக்கிறேன்.

எனவே 150 பேர் வந்தாலும் வாய்மொழித் தேர்வை மீட்டிங்காகவே வையுங்கள். ஒழுங்கை அமைப்புகளால் கொண்டுவாருங்கள். உள்ளே நுழையும்போதே எல்லோரும் மியூட் ஆகட்டும். திரையைக் காட்டும் உரிமை ஹோஸ்ட்டுக்கும் இணை ஹோஸ்ட்டுக்கும் மட்டும் இருக்கட்டும். ஆய்வாளரை இணை ஹோஸ்ட்டாக்கிவிடலாம். திரையில் எழுதும் வசதியை அணைத்துவிடுங்கள். காத்திருப்பு அறை வசதியை இயக்கிவைத்து, முன்பதிவுப் படிவத்தில் பெயர் உள்ளவர்களை மட்டும் உள்ளே விடுங்கள். கேள்வி நேரத்தில் கையை உயர்த்தியவர்களை வரிசைப்படி அழைத்து, அவர்களையே பேச விடுங்கள். தேர்வாளர்கள் தனியே கலந்துபேச வேண்டிய கட்டத்தில் அவர்களை ஒரு சிறு குழு அறைக்கு அனுப்பலாம்; அவை அப்படியே காத்திருக்கும். ஹோஸ்ட் இருக்கும் கட்டடத்தில் மின்சாரம் போனாலும் தேர்வு நிற்காமல் இருக்க, வேறோர் இடத்தில் இருக்கும் ஆசிரியர் ஒருவரையும் இணை ஹோஸ்ட்டாக வைத்துக்கொள்வது அவசியம்.

எண்ணிக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூமின் இலவசக் கணக்கில் 100 பேர், 40 நிமிடம் என்பதே எல்லை. கல்வி நிறுவன உரிமத்தில் மீட்டிங்குக்குப் பொதுவாக 300 பேர் வரை இடமுண்டு. அதற்கு மேல் வேண்டுமானால் கூடுதல் கட்டணம். வெபினார் உரிமம் தனி; அது 500 இருக்கைகளிலிருந்து படிப்படியாக உயரும். ஒரு வெபினார் உரிமத்தைப் பல துறைகள் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் ஒரு நேரத்தில் ஒரு நிகழ்ச்சிதான் நடத்த முடியும் என்பதால், கணினி மையத்தில் உங்கள் சொற்பொழிவுக்கான தேதியை இப்போதே பதிந்து வையுங்கள். அந்தத் தேதி கிடைக்காவிட்டால், பேச்சாளர்கள் மட்டும் மீட்டிங்கில் இருந்துகொண்டு அதை யூடியூப் நேரலையில் விடலாம். கேள்விகளை அங்கிருந்து பார்த்துச் சொல்ல ஒருவரை நியமிக்க வேண்டும், நேரலை சில நொடிகள் பின்தங்கி வரும் என்பதையும் பேச்சாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சான்றிதழ் கொடுப்பதாக இருந்தால், வெபினாரில் முன்பதிவைக் கட்டாயமாக்குங்கள். முன்பதிவு செய்தவருக்குத் தனித்தனி லிங்க் போகும். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்ற அறிக்கையும் பின்னர் கிடைக்கும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்புக்கான ஆவணங்களுக்கும் அதுவே போதிய சான்றாக எங்களுக்கு உதவியிருக்கிறது. பட்டறையில், அதாவது மீட்டிங்கில், பெயருக்குப் பதிலாகக் கைப்பேசியின் மாடல் எண்ணுடன் பலர் வந்து நிற்பார்கள். முதல் நாளிலேயே ஐந்து நிமிடம் ஒதுக்கி, பெயரையும் கல்லூரியையும் திருத்தி எழுதச் சொல்லிவிட்டால், ஐந்தாம் நாள் வருகைப் பட்டியலைச் சரிபார்க்க ஓர் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டி வராது.