அப்பத்தா கையில் போய்ச் சேரணும்: மணியார்டர் கேள்வி பதில்

பள்ளத்தூர் வீட்டில் அப்பத்தா தனியாக இருக்கிறார். வயது 84. வங்கிக்கு நடக்க முடியாது, செல்பேசியும் பழக்கமில்லை. மாதம் 3,000 ரூபாய் மணியார்டர் அனுப்பலாமா? கேட்டவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள்.
– வாசகர், சென்னை

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வாசலுக்கு வந்து, ரொக்கத்தை எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற சேவை இது. ஆனால் செலவைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். ஒவ்வொரு 20 ரூபாய்க்கும், அதற்குக் குறைந்த மிச்சத்துக்கும், 1 ரூபாய் கமிஷன். 3,000-க்கு 150. வருஷத்துக்கு 1,800 ரூபாய் கமிஷனாகவே போய்விடும்.

அதனால் முதலில் இதைப் பாருங்கள். அப்பத்தாவுக்கு ஏதாவது ஒரு வங்கியில், ஆதார் இணைத்த கணக்கு இருக்கிறதா? இருந்தால் பணத்தை அதில் போட்டுவிடலாம். அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் வங்கிக் கருவியோடு தபால்காரர் வீட்டுக்கே வந்து, கைரேகை வைக்கச் சொல்லி, அந்தக் கணக்கிலிருந்து ரொக்கம் எடுத்துக் கொடுப்பார். கணக்கு வேறு வங்கியில் இருந்தாலும் பரவாயில்லை.

இது கெட்டுப்போகிற இடம் ஒன்றுதான்: விரல். காலமெல்லாம் அம்மியும் ஆட்டுக்கல்லும் அரைத்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். கருவி இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டுக் கைவிரித்துவிடும். மணியார்டரில் அந்தத் தொல்லை கிடையாது. கையெழுத்துப் போட முடியாதவர் மை தொட்டுப் பெருவிரல் வைப்பார், எழுதத் தெரிந்த ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திடுவார், பணம் கைக்கு வந்துவிடும். கருவியில் அப்பத்தாவின் விரல் விழுகிறதா என்று ஊருக்குப் போகும்போது ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். விழாவிட்டால் மாதம் 150 ரூபாய் நியாயமான செலவுதான்.

விலாசத்தில் கவனம் வேண்டும். நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஆள் குறைந்த வீட்டில் முகப்பைப் பூட்டிப் போட்டுவிட்டு, இரண்டாங்கட்டுக்கு (வீட்டின் இரண்டாவது முற்றப் பகுதிக்கு) பின்னால்தான் புழக்கம் இருக்கும். புதிதாக வந்த தபால்காரர் முகப்பைத் தட்டிப் பார்த்து, "கதவு பூட்டியிருக்கிறது" என்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுவார். ஆகவே ஆள் புழங்கும் வாசல் இருக்கிற தெருவை எழுதுங்கள். வீட்டு விலாச எழுத்துகளையும் (குடும்பத்தைக் குறிக்கும் முன்னெழுத்துகள்) சேர்த்து எழுதினால், ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். பெயரை மட்டும் ஆதாரில் இருக்கிறபடியே எழுதுங்கள். வீட்டில் "மீனா" என்று கூப்பிடுவதை எழுதிவிட்டு, அட்டையில் "மீனாட்சி" என்று இருந்தால், தெரியாத தபால்காரர் கொடுக்கத் தயங்குவார்.

இன்னொன்று. சின்னக் கிளை அஞ்சலகங்களில் கையிருப்பு ரொக்கம் குறைவு. ஒரே நாளில் நாலைந்து பெரிய மணியார்டர் வந்தால், மேல் அஞ்சலகத்திலிருந்து பணம் வரும்வரை ஒன்றிரண்டு நாள் தள்ளும். மருந்து வாங்குகிற பணமென்றால் ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

எங்கள் ஊர்க் கோயிலுக்குப் புள்ளி வரி (குடும்பக் கணக்கில் கட்டும் வரி) 501 ரூபாய் மணியார்டர் செய்தேன். கமிஷன் 26 ரூபாய் வாங்கினார்கள். 25 தானே வர வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

500-க்கு 25. மேலே இருக்கிற அந்த மங்கல ஒரு ரூபாய், அடுத்த இருபதின் கணக்கில் விழுந்துவிடுகிறது. அதற்கு முழுசாக ஒரு ரூபாய். 101 அனுப்பினாலும் 5 இல்லை, 6. கணக்குச் சரிதான். கோயிலுக்கு அனுப்பும்போது கணக்குப் பார்க்கிறவரின் சொந்தப் பெயரில் அனுப்பாமல், கோயிலின் பெயருக்கே அனுப்புங்கள். யார் வீட்டுப் புள்ளி, எந்த வருஷத்து வரி என்பதைத் தனிக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். தனிக் கடிதம் எதற்கு என்பது அடுத்த பதிலில்.

காரைக்குடியில் 6,500 ரூபாய் வாடகைக்குக் கடை வைத்திருக்கிறேன். காலி செய்யச் சொல்லி, உரிமையாளர் இரண்டு மாதமாக வாடகையை வாங்க மறுக்கிறார். மணியார்டர் அனுப்பச் சொல்கிறார்கள். எப்படி?
– வாசகர், காரைக்குடி

வாங்க மறுப்பவருக்குப் பணம் கொடுக்க முன்வந்ததற்கு மணியார்டர் நல்ல சாட்சி. 1960-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே இதற்கு ஒரு வரிசை வைத்திருந்தது: வங்கிக் கணக்கைச் சொல்லும்படி எழுத்தில் கேள், சொல்லாவிட்டால் மணியார்டர் அனுப்பு, அதையும் மறுத்தால் அதிகாரியிடம் கட்டு. 2019 பிப்ரவரியிலிருந்து அதன் இடத்தில் புதிய சட்டம் நடக்கிறது. இப்போது போக வேண்டிய இடம் வாடகை அதிகார அமைப்பு. ஆனாலும் மணியார்டர் ரசீதுக்கு மதிப்புக் குறையவில்லை.

ஒரு மணியார்டருக்கு 5,000 ரூபாய்தான் உச்சம். ஆகவே 5,000-க்கு ஒன்று, 1,500-க்கு ஒன்று. கமிஷன் 250-ம் 75-ம், ஆக 325. அதை வாடகையில் கழிக்காதீர்கள். பழைய சட்டம் கழிக்க விட்டது. அந்த நினைப்பில் 6,175 அனுப்பினால், "முழு வாடகை தரவில்லை" என்ற பேச்சுக்கு நீங்களே இடம் கொடுத்ததாகும்.

பழைய தாள் மணியார்டரின் அடியில் கூப்பன் இருந்தது, வேண்டியதை எழுதலாம். அது 2015-இல் நின்றுபோய், இப்போது நடப்பது மின் மணியார்டர். அதில் அச்சடித்த பட்டியலிலிருந்து ஒரு செய்தி எண்ணைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். "ஜூன் மாதக் கடை வாடகை" என்று எழுத வழியில்லை. அதனால் அதே நாளில் ஒரு கடிதம் எழுதி, எந்த மாதத்து வாடகை, எவ்வளவு, இரண்டு மணியார்டர்களின் எண்கள் என்ன என்று குறிப்பிட்டு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும்.

ரசீதில் 18 இலக்க எண் இருக்கும். அஞ்சல் துறை இணையதளத்தில் அதைப் போட்டால் பணம் பட்டுவாடா ஆனதா, திரும்பியதா என்று தெரியும். அந்தப் பக்கத்தை அச்சிட்டு ரசீதோடு தைத்து வையுங்கள். ரசீதின் மை சில மாதங்களில் மங்கும், அதையும் நகலெடுத்துவிடுங்கள். உரிமையாளர் மறுத்துப் பணம் திரும்பி வந்தால் செலவழிக்காமல் தனியாக வையுங்கள். அடுத்த மாதமும் தவறாமல் அனுப்புங்கள். ஒரு மாதம் விட்டால் அதைத்தான் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இல்லையென்றால், இதற்குள் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

அமெரிக்காவில் படிக்கப் போயிருக்கும் மகளிடம், வீட்டுக்காரர் முன்பணமும் முதல் மாத வாடகையும் "மணியார்டராகத்தான்" வேண்டும் என்கிறாராம். அங்கேயும் தபால்காரர் பணம் கொண்டுபோய்க் கொடுப்பாரா?
– வாசகி, தேவகோட்டை

இல்லை. பெயர்தான் ஒன்று, பொருள் வேறு. அங்கே மணியார்டர் என்பது முன்கூட்டியே பணம் கட்டி வாங்குகிற ஒரு தாள். நம் வங்கி டிமாண்ட் டிராஃப்டுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். காசோலை கணக்கில் பணமில்லாமல் திரும்பலாம். இதற்குப் பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டதால் திரும்பாது. புதிதாக வந்த, கடன் வரலாறு இல்லாத மாணவியிடம் வீட்டுக்காரர் இதைக் கேட்பது அதனால்தான். மகளுக்கும் ஒரு லாபம்: காசோலையைப் போல இதில் கணக்கு எண் வெளியே போகாது.

அங்கே அஞ்சலகத்தில் ஒரு தாளுக்கு 1,000 டாலர் உச்சம். 1,800 டாலர் என்றால் இரண்டு தாள் வாங்க வேண்டும். ரொக்கமோ டெபிட் கார்டோ கொடுக்கலாம், கிரெடிட் கார்டு எடுக்க மாட்டார்கள். ஒரே நாளில் 3,000 டாலரோ அதற்கு மேலோ வாங்கினால், அடையாள அட்டை காட்டிப் படிவம் நிரப்ப வேண்டும்.

வாங்கியதும் கவுன்டரை விட்டு நகருமுன் பெறுபவர் பெயரை மையால் எழுதிவிடச் சொல்லுங்கள். பெயர் எழுதாத தாள் கீழே விழுந்தால், எடுத்தவர் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம். அடித்தல் திருத்தல் இருந்தால் தாள் செல்லாது. ரசீதுத் துண்டைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். தாள் தொலைந்தால் விசாரிக்கவும் மாற்றுத் தாள் கேட்கவும் அதுதான் வழி, அதற்கும் வாரக்கணக்கில் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. மகள் பழைய மேசை, சைக்கிள் எதையாவது இணையத்தில் விற்கப்போய், யாராவது விலைக்கு மேலாக மணியார்டர் அனுப்பி "மிச்சத்தைத் திருப்பி அனுப்பு" என்றால், அது போலித் தாள் என்றே வைத்துக்கொள்ளலாம். வங்கி முதலில் வரவு வைக்கும், போலி என்று தெரிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளும். மகள் அனுப்பிய "மிச்சம்" போனது போனதுதான். அசல் அஞ்சல் மணியார்டரை வெளிச்சத்தில் பிடித்தால் பெஞ்சமின் பிராங்க்ளின் உருவம் தாளுக்குள்ளே நீர்க்குறியாகத் தெரியும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட, 10 ரூபாய் கட்டணத்தை மணியார்டராக அனுப்பலாமா?
– வாசகர், திருப்பத்தூர்

வேண்டாம். மத்திய அரசு அலுவலகமானால் 10 ரூபாய் இந்திய போஸ்டல் ஆர்டரை (அஞ்சலகத்தில் பணம் கட்டி வாங்கும் தாள்) கணக்கு அலுவலர் பெயருக்கு எழுதி மனுவோடு இணையுங்கள். தமிழக அரசு அலுவலகமானால் மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மணியார்டர் தனியாகப் போகும், மனு தனியாகப் போகும், இரண்டையும் யார் சேர்த்துப் பார்ப்பது?

மலேசியாவிலிருந்து மருமகன் "உண்டியலில்" பணம் போடுகிறேன் என்கிறார். இதுவும் மணியார்டர் மாதிரிதானே?
– வாசகி, கானாடுகாத்தான்

பர்மா, மலாயா காலத்தில் நகரத்தார் எழுதிய உண்டியல், கையெழுத்துக்கு மதிப்புள்ள வணிகத் தாள். இப்போது அந்தப் பெயரில் நடப்பது கணக்கில் வராத பணமாற்று, அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம். பணம் வராவிட்டால் எங்கும் புகார் சொல்லவும் முடியாது. வங்கி வழியாகவோ, அனுமதி பெற்ற பண அனுப்பு நிறுவனம் வழியாகவோ அனுப்பச் சொல்லுங்கள். இரண்டாவது வழியில் ஒரு தடவைக்கு 2,500 டாலர் மதிப்புவரை வரலாம். 50,000 ரூபாய் வரைதான் கையில் ரொக்கமாகத் தருவார்கள், அதற்கு மேல் கணக்கில்தான்.

பெறுநர் இல்லாமல் மணியார்டர் திரும்பி வந்தது. பணம் தந்தார்கள், கமிஷன் தரவில்லை.
– வாசகர், கண்டனூர்

தர மாட்டார்கள். கமிஷன் கொண்டுபோன கூலி.