வெப்பமானி 17 டிகிரி காட்டியும் பாஸ் மீன் கூடு அமைக்காதது ஏன்?

வாசகர் கேள்வி: வசந்த காலத்தில் ஏரி நீர் 17 டிகிரி செல்சியஸை எட்டினால் லார்ஜ்மவுத் பாஸ் (பெரிய வாய் கொண்ட வட அமெரிக்க நன்னீர் மீன்) கரையோரம் வந்து முட்டையிடும் என்று படித்தேன். படகிலிருந்து பிற்பகலில் அளந்தபோது சரியாக 17 டிகிரி இருந்தது. பத்து நாட்கள் கழிந்தும், முட்டையிட அவை தரையில் அமைக்கும் குழியான கூடு ஒன்றைக்கூடக் காணவில்லை. எங்கே தவறு?

பதில்: வெயில் ஏறிய வேளையில் நீங்கள் அளந்தது மேலே கிடக்கும் ஒரு சாண் தண்ணீரை மட்டுமே. பாஸ் கூடு அமைப்பதோ பெரும்பாலும் அரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் ஆழத்தில், தரையில். காற்று அடங்கிய பிற்பகலில் மேல்நீர் அடிநீரைவிடச் சில டிகிரி கூடுதலாகச் சூடேறுவதும், அந்தச் சூடு இரவோடு இரவாக வடிந்துவிடுவதும் வசந்தத்தில் வழக்கமானவை. வெப்பமானியை நூலில் கட்டி, சிறு ஈயக்குண்டு ஒன்றைச் சேர்த்து, தரை தட்டும்வரை இறக்கி, இரண்டு நிமிடம் பொறுத்து விரைவாக மேலே எடுத்துப் பாருங்கள். இதை விடியற்காலையில் செய்வது முக்கியம். விடியற்காலை அளவு 16 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நான்கைந்து நாட்கள் நிலைத்திருப்பதையே, பிற்பகலில் ஒருமுறை எட்டிய உச்சத்தைவிட நான் பெரிதும் நம்புவேன்.

வெப்பம் மட்டுமே முட்டையிடுதலைத் தொடங்கிவைப்பதில்லை. பகல் நீள நீள, மீனின் மூளையும் அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் ஹார்மோன்களின் வழியாகச் சினையை முதிரச் செய்கின்றன. அந்த முதிர்ச்சி எவ்வளவு விரைவில் முடியும் என்பதை, தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாத மீனுக்கு, நீரின் வெப்பமே பெரிதும் முடிவு செய்கிறது. இனத்துக்கு இனம் அளவும் வேறுபடும். நார்தர்ன் பைக் பனி உருகியவுடன், நீர் 4 முதல் 11 டிகிரிக்குள் இருக்கும்போதே, வெள்ளம் ஏறிய புல்வெளிகளில் முட்டைகளைத் தூவிவிட்டுப் போய்விடும். வால்ஐ மீன் ஏறக்குறைய 6 முதல் 11 டிகிரியில், இரவில், கூழாங்கல் திட்டுகளை நாடும். அதையொட்டி வரும் மஞ்சள் பெர்ச், கைத்துருத்தியைப் போல மடிந்த கூழ்ம நாடாவாக முட்டைகளை இட்டு நீர்ச்செடிகளில் சுற்றிவைக்கும். ஒருமுறை பார்த்தவர் அதை மறக்கமாட்டார். ஸ்மால்மவுத் பாஸ் சுமார் 15 டிகிரியிலும், புளூகில் 20 டிகிரியைக் கடந்த பின்பும் வரும்.

லார்ஜ்மவுத் பாஸில் ஆண்தான் வாலால் வண்டலை விலக்கி வட்டமான குழி அமைத்து முட்டைகளைக் காவல் காக்கிறது. வெதுவெதுப்பான நீரில் முட்டைகள் இரண்டு முதல் ஐந்து நாட்களில் பொரியும். அதற்குள் குளிர்காற்று வீசி நீர் சட்டெனச் சில டிகிரி இறங்கினால், ஆண் கூட்டைக் கைவிட்டு ஆழத்துக்குச் செல்லக்கூடும். காவலற்ற முட்டைகளில் பஞ்சு போன்ற வெண்பூஞ்சை படரும், எஞ்சியவற்றைச் சிறு மீன்கள் தின்றுவிடும். நீங்கள் அளந்த நாட்களுக்குப் பிறகு இரவுகள் குளிர்ந்திருந்தால், மீன்கள் கரைக்கு வந்து திரும்பியும் போயிருக்கலாம். நீர் மீண்டும் சூடேறும்போது புதிதாகக் கூடு அமைக்க அவை வரும் என்பதால் இந்தப் பருவம் கைவிட்டுப் போய்விடவில்லை.

ஏரி முழுவதும் ஒரே நாளில் சூடேறாது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். வட அரைக்கோளத்தில் தெற்கு வெயிலை நேரே வாங்கும் வடகரையின் ஆழமற்ற, கருநிற அடித்தரை கொண்ட, காற்று மறைவான குடாக்களில்தான் முதற்கூடுகள் தென்படும். திறந்த கரைகளில் அவை நாட்கணக்கில் பிந்தும். ஆகவே குடாவில் ஓரிடமும் திறந்த கரையில் ஓரிடமுமாகத் தினமும் அளந்து குறித்து வாருங்கள்.

கூட்டைக் கண்டபின் ஒரு வேண்டுகோள். காவலிருக்கும் ஆணைத் தூண்டிலில் பிடித்துப் படகில் வைத்திருக்கும் சில நிமிடங்களே புளூகில் கூட்டம் முட்டைகளைச் சூறையாடப் போதும். தூண்டிலில் சிக்கிவிட்டால் நீரை விட்டு எடுக்காமலேயே முள்ளைக் கழற்றி, கூட்டுக்கு அருகிலேயே விட்டுவிடுங்கள். குஞ்சுகள் கூட்டமாக நீந்திக் கிளம்பும்வரை அந்தக் குடாவில் தூண்டில் போடாமலிருப்பது அதைவிட நன்று.