அவர் ஏன் ஊரை விட்டுப் போகிறார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

லயன், முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர் என்ற கௌபாய் நாயகர்களின் கதைகளைப் படித்து வளர்ந்தவன் நான். சமீபத்தில் மகளுக்கு ஒரு கௌபாய் படம் போட்டுக் காட்டினேன். "எல்லாரையும் காப்பாத்திட்டு அவர் ஏன் ஊரை விட்டுப் போறார்?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. செவ்விந்தியர்களைக் கொன்ற கதைகளை நாம் ரசிக்கலாமா என்ற உறுத்தலும் இருக்கிறது.

மு.

அன்புள்ள மு.,

உங்கள் மகள் நேராக மையத்தைத் தொட்டுவிட்டாள். இந்தக் கதைகளில், சட்டம் வந்து சேராத இடத்தில் துப்பாக்கிதான் நீதி. பள்ளிக்கூடமும் தேவாலயமும் வருவதற்கு அந்தத் துப்பாக்கியால் வழி செய்தவனுக்கு, அவை வந்தபின் அங்கே வேலை இல்லை. அவன் தங்கினால் துப்பாக்கியும் தங்கிவிடும்.

வரலாறும் ஏறக்குறைய இப்படித்தான். டெக்சஸிலிருந்து வடக்கே இருந்த ரயில் நிலையங்களுக்கு கௌபாய்கள் மாட்டு மந்தைகளை ஓட்டிச்சென்ற காலம் 1866இல் தொடங்கி இருபது ஆண்டுச் சொச்சம்தான். 1874இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். திறந்த மேய்ச்சல் நிலம் வேலிகளுக்குள் போனது, அந்த நெடும்பயணங்களும் நின்றன. இந்தப் படங்களில் முள்வேலி கண்ணில் பட்டாலே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

உங்கள் உறுத்தல் நியாயமானது. பல படங்களில் பூர்வகுடிகள் சுடப்படுவதற்காகவே குதிரையேறி வருகிறார்கள். ஆனால் ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956) அந்த வெறுப்பையே கதையாக்கியது. கமாஞ்சி என்ற பூர்வகுடியினர் தூக்கிச்சென்ற சகோதரன் மகளை ஈதன் ஆண்டுக்கணக்கில் தேடுகிறான். மீட்க அல்ல, அவர்களோடு வாழ்ந்துவிட்டதற்காக அவளைக் கொல்லத்தான் என்பது போகப்போகத் தெரிகிறது. கடைசியில் கொல்லாமல் தூக்கி வருகிறான். எல்லாரும் வீட்டுக்குள் போக, அவன் மட்டும் வாசலில் நின்று திரும்பி நடக்கிறான், கதவு மூடுகிறது. ஈதனாக கௌபாய் படங்களின் பெரிய நட்சத்திரமான ஜான் வேய்ன் நடித்திருந்தும் படம் அவனை உள்ளே விடவில்லை. அந்த நேர்மைக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆனாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. படம்பிடித்த மானுமெண்ட் வேலி, நவஹோ என்ற வேறொரு பூர்வகுடி மக்களின் நிலம், கமாஞ்சிகளாக வருவதிலும் பெரும்பாலும் அவர்களே. அவர்களுடைய கதை அதில் இல்லை.

மகளுக்கு அடுத்து 'ஹை நூன்' (1952) காட்டுங்கள். பழிவாங்க வரும் கொலைகாரர்களை எதிர்கொள்ள மார்ஷல், அதாவது ஊரின் காவல் அதிகாரி, உதவி கேட்டு ஊர் முழுக்க அலைகிறார். மனைவியைத் தவிர யாரும் துணைக்கு வருவதில்லை. ஜெயித்தபின் நட்சத்திர பேட்ஜைக் கழற்றி மண்ணில் எறிகிறார். திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மன், அப்போது அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களை விசாரித்த வேட்டையில் சிக்கியிருந்தவர். யாரையும் காட்டிக்கொடுக்க மறுத்ததால் ஹாலிவுட்டில் வேலையிழந்து இங்கிலாந்துக்குப் போனார். 'தி சர்ச்சர்ஸ்' அவளுக்குச் சில ஆண்டுகள் கழித்துப் போதும், அதுவும் நீங்கள் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே.