அறைக் கதவை மூடலாமா?

கேள்வி: தன்னார்வலராக வெளிநாடு வந்து ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறேன். பாசமானவர்கள்தான். ஆனால் அறைக் கதவை மூடினாலே, ‘உடம்பு சரியில்லையா?’ என்று கேட்கிறார்கள். தனிமைக்கு வழியே இல்லையா?

பதில்: நானும் அப்படி ஒரு வீட்டில் இருந்தவள்தான். அவர்கள் வேவு பார்க்கவில்லை; உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்ற கவலை. 1961-இல் தொடங்கிய அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கார்ப்ஸ்கூட, பயிற்சி மாதங்களில் தன்னார்வலர்களைப் பெரும்பாலும் குடும்பங்களோடுதான் தங்கவைக்கிறது. மொழி வகுப்பைவிடச் சமையலறையில் பேச்சு சீக்கிரம் வரும். அதனால் மாலையில் காய் நறுக்க உட்காருங்கள். அப்புறம், ‘சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் படிப்பேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, தினமும் அதே நேரத்தில் கதவை மூடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். கொஞ்ச நாளில் அந்த வீட்டுப் பாட்டியே, ‘அவள் படிக்கிறாள், போங்கடா’ என்று குழந்தைகளை விரட்ட ஆரம்பித்துவிட்டார். ராத்திரி வெளியே போனால் மட்டும், எப்போது திரும்புவீர்கள் என்று கட்டாயம் சொல்லிவிட்டுப் போங்கள்.