பாறை இடுக்கில் ஒரு டப்பா: ஜியோகேச்சிங் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் ஜியோகேச்சிங் பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

ஜியோகேச்சிங் என்றால் என்ன? பணம் கட்ட வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?
– கல்லூரி மாணவி, காரிமங்கலம்

ஒருவர் ஒரு டப்பாவை வெளியிடத்தில் மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் பதிகிறார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். துணையோடு தேடிப் போய், உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே இருந்தபடி வைத்துவிட்டு வருகிறார்கள். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதம் நிறுத்தியது. அடுத்த நாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் ஒரு வாளியை மறைத்து வைத்து எண்களை வெளியிட்டார். விளையாட்டு அங்கே பிறந்தது.

ஜியோகேச்சிங் டாட் காம் தளத்தில் இலவசக் கணக்கு போதும். இலவசக் கணக்கில் எல்லா டப்பாக்களும் தெரியாது. முதல் ஆறு மாதத்துக்கு அது ஒரு குறையே இல்லை. வரைபடத்தில் பச்சைக் குறி போட்டவை ‘டிரடிஷனல்’ வகை, அதாவது கொடுத்த எண்ணிலேயே டப்பா இருக்கும். அவற்றில் தொடங்குங்கள். தேடும் கடினம், நிலத்தின் கடினம் என்று 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண் இருக்கும். இரண்டுமே 2-க்குள் இருக்கட்டும். அளவில் ‘ஸ்மால்’ (100 மி.லி. முதல் 1 லிட்டர்) அல்லது ‘ரெகுலர்’ (20 லிட்டர் வரை) எடுங்கள். ‘மைக்ரோ’ விரல் நுனி அளவுகூட இருக்கும். முதல் நாளே அதைத் தேடிப் போனவர்களில் பலர் இரண்டாம் நாள் போவதில்லை. முக்கியமாக, கிளம்பும் முன் கடைசிப் பதிவுகளைப் படியுங்கள். தொடர்ந்து மூன்று பேர் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் டப்பா தொலைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அண்ணன் துபாயிலிருந்து வருகிறார். ஜி.பி.எஸ். கருவி வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். போன் போதாதா?
– வாசகர், ஊத்தங்கரை

முதல் 20 டப்பாக்களுக்குப் போனே போதும். திறந்த வானத்தின் கீழ் நல்ல போன் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடம் காட்டும். கைக்கருவி அதைவிடப் பெரிதாக மிஞ்சிவிடாது. போனின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. உச்சி வெயிலில் திரையைப் படிக்க வெளிச்சத்தை முழுதாக ஏற்ற வேண்டியிருக்கும், பேட்டரி கரையும். அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. ஜி.பி.எஸ். வேலை செய்ய டவர் தேவையில்லை. ஆனால் வரைபடத்தையும் டப்பாவின் விவரத்தையும் ஊரிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் சி:ஜியோ என்ற இலவசச் செயலி இதற்கு வசதி. டவர் இல்லாத இடத்தில் போனைப் புதிதாகத் திறந்தால் முதல் முறை இடம் பிடிக்கச் சில நிமிடம்கூட ஆகும். செயற்கைக்கோள்களின் பாதை விவரத்தை இணையத்தில் எடுக்க முடியாமல் வானத்திலிருந்தே அது மெதுவாக இறக்குகிறது. டவர் இருக்கும் இடத்திலேயே ஒரு முறை இடம் பிடிக்க விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

புது போன் வாங்கும் எண்ணம் இருந்தால், எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசையும் பிடிக்கும் மாடலா என்று பாருங்கள். பாறைக்கும் கட்டடத்துக்கும் அருகில் வித்தியாசம் தெரியும்.

விளையாட்டு பிடித்துப்போய், மழையிலும் நாள் முழுக்கவும் அலைவீர்கள் என்றால் கைக்கருவி வாங்கலாம். கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும், தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும். ஆனால் அண்ணனிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: இன்ரீச் போல, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் வசதி உள்ள கருவியை வாங்கவே வேண்டாம். உரிமம் இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். விமான நிலையத்திலேயே பறிமுதலும் கைதும் நடந்திருக்கின்றன. இடம் மட்டும் காட்டும் ஜி.பி.எஸ். கருவிக்கு இந்தச் சிக்கல் இல்லை. சில மாடல்களில் பெயரின் கடைசியில் ஓர் எழுத்துதான் இரண்டுக்கும் வித்தியாசம் என்பதால் பெட்டியில் உள்ள விவரத்தை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி நகரில் இருக்க வேண்டிய இடத்தை என் போன் பாலக்கோடு பக்கம் காட்டுகிறது. போன் பழுதா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பழுது இல்லை. எண்ணை எழுதும் முறை மாறிவிட்டது. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

ஜியோகேச்சிங்கில் எண்கள் டிகிரி, தசம நிமிடம் என்று வரும். நீங்கள் அனுப்பிய எண்: வடக்கு 12° 31.500, கிழக்கு 78° 12.600. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். அதனால் 31.500-ஐ 60-ஆல் வகுத்தால் 0.525. சரியான தசம டிகிரி 12.525, அதேபோல் 78.210. நீங்கள் 12.315, 78.126 என்று, புள்ளியை நகர்த்தி அப்படியே தட்டியிருக்கிறீர்கள். தெற்கே 23 கி.மீ., மேற்கே 9 கி.மீ. தள்ளி, பாலக்கோட்டுக்கும் காரிமங்கலத்துக்கும் நடுவில் போய் நிற்கும்.

இன்னொரு தவறு இதைவிட நைசானது. 31.500-ஐ 31 நிமிடம் 50 விநாடி என்று படிப்பது. சரியானது 31 நிமிடம் 30 விநாடி. வித்தியாசம் 600 மீட்டருக்கு மேல். ஊர் சரியாக இருப்பதால் தவறு என்றே தோன்றாது, மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பீர்கள். கடைசி இலக்கத்தின் மதிப்பையும் நினைவில் வையுங்கள்: 0.001 நிமிடம் என்பது நிலத்தில் 1.8 மீட்டர் சொச்சம். செயலியின் அமைப்பில் தசம நிமிடத்தையும், டப்ள்யூ.ஜி.எஸ். 84 (ஜி.பி.எஸ். பயன்படுத்தும் பூமி அளவீட்டு முறை) அடிப்படையையும் ஒரு முறை தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு மாற்ற வேண்டியதில்லை.

இடத்துக்குப் பக்கத்தில் போனதும் அம்புக்குறி சுற்றிச் சுற்றி வருகிறது. பாறைக்கு நடுவே எப்படித் தேடுவது?
– ஆசிரியர், இராயக்கோட்டை

பெரிய கிரானைட் பாறைகளுக்கு நடுவில் வானத்தின் பாதி மறைந்துவிடுகிறது. மீதிச் சிக்னலும் பாறையில் பட்டுத் திரும்பி வருவதால், வந்த தூரம் அதிகம் என்று கருவி கணக்குப் போட்டு 10, 20 மீட்டர் பிசகும். மறைத்து வைத்தவரின் கருவிக்கும் அதே பிசகு இருந்திருக்கும். ஆகவே 10 மீட்டருக்குள் வந்ததும் அம்புக்குறியைத் துரத்தாதீர்கள். 30 மீட்டர் விலகித் திறந்த இடத்தில் ஒரு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். அங்கிருந்து அம்பு காட்டும் திசையைக் குறியுங்கள். 90 டிகிரி தள்ளி வேறொரு பக்கத்திலிருந்து மறுபடி செய்யுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தைச் சுற்றி 10 மீட்டர் வட்டம்தான் உங்கள் களம். திசைமானி தடுமாறினால் போனைக் காற்றில் எட்டு போலச் சுழற்றுங்கள். காந்த மூடி போட்ட போன் உறை இருந்தால் கழற்றிவிடுங்கள்.

பிறகு போனைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் தேடுங்கள். மனிதக் கை அடுக்கிய சிறு கற்குவியல், இயல்புக்கு மாறாக நிற்கும் சுள்ளி, ஒரே ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்த பாசி, இவை துப்பு. டப்பாவின் இணையப் பக்கத்தில் ‘குறிப்பு’ என்று புரியாத எழுத்து இருந்தால், ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் 13 இடம் தள்ளிப் படியுங்கள்; செயலியே ஒரு தட்டில் மாற்றியும் தரும்.

கையை மட்டும் நேராக இடுக்குக்குள் விடாதீர்கள். டார்ச் அடித்துப் பார்த்து, தடியால் தட்டி, அப்புறம்தான் கை. நம் பாறைகளில் தேளும் விரியனும் நிழல் தேடி ஒதுங்கும். கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது இரண்டும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழைத்து, தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பையில் என்னென்ன வேண்டும்?
– இரண்டு குழந்தைகளின் தாய், ஓசூர்

அரை நாளுக்கு ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், மூடிய காலணி (சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பை ஊடுருவும்), 10,000 எம்.ஏ.எச். பவர்பேங்க், டார்ச், ஒரு மீட்டர் தடி, தோல் கையுறை. பால்பாயின்ட் பேனாவோடு ஒரு பென்சிலும் வேண்டும்: ஜெல் பேனா ஈரத்தாளில் பரவும், பால்பாயின்ட் ஈரத்தில் எழுதாது. மைக்ரோ டப்பாவில் சுருட்டிய தாளை எடுக்கச் சாமணம். பாறைக்கு அடியில் பார்க்க உள்ளங்கை அளவுக் கண்ணாடி. குழந்தைகள் மாற்றிக்கொள்ள ரப்பர், கோலிக்குண்டு போன்ற சிறு பொருள்; எடுத்தால் அதே மதிப்பில் ஒன்றை வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்கக் கூடாது, எறும்பும் குரங்கும் டப்பாவை விட்டுவைக்காது. எண் பொறித்த தகடு கட்டிய பொம்மை கிடைத்தால் அது ‘டிராவல் பக்’. ஊர் ஊராகப் பயணம் போகும் பொருள் அது, வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. வேறொரு டப்பாவில் சேர்த்து, இணையத்தில் பதிவிடுங்கள்.

எந்த இடங்களுக்குப் போகக் கூடாது?
– வாசகர், பாலக்கோடு

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்துக் காப்புக்காடும் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் யானைகளின் இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். வரைபடத்தில் குறுக்கு வழி தெரிந்தாலும் எடுக்காதீர்கள். கைவிட்ட கல்குவாரிக் குட்டைகளில் கரை செங்குத்தாக இறங்கும், ஏற முடியாது. குழந்தைகளோடு பக்கத்திலேயே போக வேண்டாம். காட்டை ஒட்டிய வயல்களில் பன்றிக்குப் போட்ட மின்வேலி இருக்கலாம். அங்கே துணியோ நூலோ சுற்றிய உருண்டை கிடந்தால் தொடவே கூடாது. அது அவுட்டுக்காயாக (பன்றிக்கு வைக்கும் நாட்டு வெடி) இருக்கலாம், கையைப் பறித்துவிடும். ஜியோகேச் டப்பாவுக்கு மூடியும் உள்ளே தாளும் இருக்கும். மூடி தெரியாத எதையும் எடுக்காதீர்கள்.

எங்கள் மாந்தோப்பில் ஒரு டப்பா வைக்கலாமா? என்ன டப்பா நல்லது?
– விவசாயி, பர்கூர்

உங்கள் சொந்தத் தோப்பு என்பதால் அனுமதிச் சிக்கலே இல்லை, அதைவிட நல்ல இடம் ஏது. முதலில் நீங்கள் 20 டப்பாவாவது தேடிப் பாருங்கள். எது நிலைக்கிறது, எது நொறுங்குகிறது என்று அப்போது தெரியும். அடுத்த டப்பாவிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது.

எவர்சில்வர் டிபன் டப்பா வேண்டாம். பளபளப்பைப் பார்த்து யாராவது எடுத்துப் போவார்கள். இல்லையென்றால் வெடிகுண்டோ என்று காவல்துறையை அழைப்பார்கள். உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக்கில், சிலிகான் வளையமும் நான்கு பக்கக் கொக்கியும் உள்ள 500 மி.லி. டப்பா எடுங்கள். மேலே தமிழில் ‘இது ஜியோகேச், ஆபத்தில்லை, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்’ என்று எழுதி ஒட்டுங்கள். நேர் வெயில் பட்டால் கொக்கி ஓரிரு கோடையில் வெடித்து நீர் புகும், ஆகவே வடக்குப் பக்க நிழல். தாளைத் தனி ஜிப் உறையில் போடுங்கள்.

எண்ணை வரைபடத்தில் பார்த்து எழுதாதீர்கள். இடத்தில் போனை வைத்து ஒரு நிமிடம் விட்டு எழுதுங்கள், 30 மீட்டர் நடந்து திரும்பி மறுபடி. இப்படி 5 முறை, முடிந்தால் வேறொரு நாளில் இன்னும் 5 முறை எடுத்துச் சராசரி போடுங்கள். பதிவிட்டதும் தன்னார்வலர் ஒருவர் சரிபார்த்து வெளியிடுவார். மாங்காய்ப் பறிப்புக் காலத்தில் தோப்புக்குள் வெளியாட்கள் வர வேண்டாம் என்றால் அந்த மாதங்களுக்கு இணையத்தில் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள்.

ஒகேனக்கல் போல டப்பா வைக்க முடியாத இடங்களை விளையாட்டில் சேர்க்க வழி உண்டா?
– வாசகர், பென்னாகரம்

உண்டு, ‘எர்த்கேச்’. டப்பாவும் தாளும் கிடையாது. நிலவியலைப் பற்றிச் சில கேள்விகள். வந்தவர் அங்கேயே பார்த்து, அளந்து விடை அனுப்ப வேண்டும். ஒகேனக்கல்லில் சுழல் நீரும் கூழாங்கல்லும் அரைத்து உண்டாக்கிய பாறைக் குழிகளையே பாடமாக வைக்கலாம். பரிசல் ஏறாமல், வேலியைத் தாண்டாமல் நின்றே பார்க்கும் குழியைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பகுதியின் கார்பனடைட் பாறை ஏறத்தாழ 240 கோடி ஆண்டு பழையது என்பதையும் விளக்கத்தில் சேருங்கள்.

பல நிலைகள் கொண்ட ‘மல்டி’ வகையும் நம் பக்கத்துக்குப் பொருத்தம். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் அதியமான் பெருவழி என்ற பழைய நெடுஞ்சாலையின் மைல்கல் இருக்கிறது: நாவற்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் (பழைய தூர அளவு). படிக்கத் தெரியாத வழிப்போக்கருக்காக அந்த 29-ஐ இரண்டு பெரிய குழியாகவும் ஒன்பது சிறு குழியாகவும் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் குழிகளை எண்ணி வரும் எண்ணைச் சூத்திரத்தில் போட்டால் அடுத்த இடம் கிடைக்கும்படி அமைத்து, கடைசி டப்பாவை அனுமதி வாங்கிய தனியிடத்தில் வையுங்கள். அருங்காட்சியகம் திறக்கும் நேரத்தையும் விடுமுறை நாளையும் விளக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.